நீலத்தைப் பிழை என்று நினைக்கும் கேமரா

ஏப்ரல் 14 அன்று இரவு தேங்காய்த்திட்டுத் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் நாற்பது படங்களை அனுப்பினார். கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர். அண்ணல் பிறந்தநாள் ஊர்வலத்தை முதல்முறையாகக் கேமராவில் எடுத்திருந்தார். கடன் வாங்கிய கேமரா. படங்களில் கூட்டம் இருந்தது, வேகம் இருந்தது, பறையடிப்பவரின் கை அசைவுகூட அழகாகப் பதிவாகியிருந்தது. ஒன்றுதான் இல்லை. நீலம்.

தெரு முழுக்கக் கட்டியிருந்த நீலக் கொடிகள் அழுக்குச் சாம்பலாக இருந்தன. கொடிக்குக் கீழே நடந்தவர்களின் முகங்கள் ஆரஞ்சு பூசியதுபோல இருந்தன. "ஏன் தம்பி இப்படி?" என்று கேட்டேன். "ஆட்டோலதான்க்கா வச்சிருந்தேன். கேமரா அப்படித்தான் எடுக்கும் போல" என்றார்.

"அப்படித்தான் எடுக்கும்." சாதியைப் பற்றியும் நம் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். "அப்படித்தான் இருக்கும், பழகிக்கோ." எவரோ ஒருவர் எடுத்த முடிவை இயற்கை என்று நம்ப வைப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வாக்கியம் கிடையாது. அதனால் இந்த முறை கேமராவைப் பற்றி எழுதுகிறேன். அரசியலை விட்டுவிட்டு எழுதவில்லை, அரசியலாகவே எழுதுகிறேன்.

ஒயிட் பேலன்ஸ் என்றால் என்ன? ஒளிக்கு நிறம் உண்டு. மெழுகுவத்தி ஒளி சிவந்த மஞ்சள், ஏறக்குறைய 1900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2800 கெல்வின் அளவில் இருக்கும். நடுப்பகல் வெயில் 5500-க்கு அருகில். மேகமூட்டம் 6500. மர நிழலில் நின்றால் நம்மேல் விழுவது பெரும்பாலும் வானத்தின் ஒளிதான், அது 7000-க்கும் மேலே போகும், நீலம் கலந்தது. நம் கண்ணும் மூளையும் இந்த வேறுபாட்டைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. கேமராவால் முடியாது. "இந்த ஒளியில் எது வெள்ளை?" என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே ஊகிக்கும். அந்த ஊகத்தின் பெயர்தான் 'ஆட்டோ'.

எப்படி ஊகிக்கிறது? அடிப்படையான பழைய முறை இதுதான்: உலகில் உள்ள எல்லா நிறங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்று கேமரா வைத்துக்கொள்கிறது. சட்டகத்தில் ஏதாவது ஒரு நிறம் கூடுதலாக இருந்தால், "ஒளியில்தான் ஏதோ கோளாறு" என்று முடிவுசெய்து எதிர் நிறத்தைச் சேர்க்கிறது. இன்றைய கேமராக்களும் போன்களும் இதோடு இன்னும் பல கணக்குகளைப் போடுகின்றன. ஆனாலும் ஒரே நிறம் நிறைந்த காட்சியில் பல நேரம் தடுமாறுகின்றன. அலையாத்திக் காட்டுக்குள் நின்று எடுத்தால் பச்சை அதிகம் என்று சிவப்பு கலந்த ஊதாவைச் சேர்க்கும், முகம் ரோஸ் நிறமாகும். ஆயிரம் நீலக் கொடிகளை எடுத்தால் நீலம் அதிகம் என்று மஞ்சளைச் சேர்க்கும். கொடி சாம்பலாகும், முகம் ஆரஞ்சாகும்.

நம் தம்பியின் கேமரா கெட்டுப்போகவில்லை. சொல்லிக்கொடுத்தபடிதான் நடந்தது. ஒரு தெரு இவ்வளவு நீலமாக இருக்க முடியும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாம் கூட்டமாக வந்ததைப் பிழை என்று கணக்கிட்டுத் திருத்திவிட்டது. 1942-ல் அண்ணல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியிலிருந்து இன்றுவரை வரும் நீலம், ஒரு சில்லுக்கு 'கோளாறு'.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருளின் நிறம் வேறு, ஒளியின் நிறம் வேறு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வெயிலுக்காக நீலத் தார்ப்பாய் கட்டி அதன்கீழ் பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தால், அங்கே விழும் ஒளியே நீலம். அந்த ஒளியில் எடுத்தால் முகம் பிணம்போலத் தெரியும். அதைத் திருத்தத்தான் வேண்டும். ஊர்வலத்தில் கொடி நீலம், ஒளி வெயில். அதைத் திருத்தவே கூடாது. இரண்டுமே கேமராவுக்குச் 'சட்டகத்தில் நீலம் அதிகம்' என்ற ஒரே செய்திதான். எது ஒளி, எது கொடி என்று அந்த இடத்தில் நிற்கிற மனிதருக்குத்தான் தெரியும். தூரத்திலிருந்து சராசரி எடுப்பவருக்கு ஒருபோதும் தெரியாது. சமூகவியல் வகுப்பில் இரண்டு ஆண்டுகள் படித்ததை நான் இந்த ஒரு எடுத்துக்காட்டில் அடக்கிவிடுவேன்.

"கருவிக்கு ஏதுங்க சாதி, நிறம்? அது நடுநிலை" என்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது.

1950-களிலிருந்து அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் வண்ணப் படம் கழுவும் நிலையங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். முதலில் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயரால் 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் எந்திரம் சரி, அவ்வளவுதான் சோதனை. மற்றவர்களின் தோல் எப்படி வருகிறது என்பது சோதனையிலேயே இல்லை. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். கறுப்பினத் தாய்மார்கள் தம் பிள்ளைகளின் பள்ளிப் படங்களில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிகிறதே என்று வருந்திய காலத்தில் கோடாக் அசையவில்லை. அசைய வைத்த புகார்களில் முக்கியமானவை யாருடையவை தெரியுமா? சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும் தந்தவை. பால் சாக்லேட்டுக்கும் கறுப்பு சாக்லேட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லையாம், மரத்தின் ரேகை தெரியவில்லையாம். மனிதரின் முகத்துக்கு வராத அக்கறை மேசைக்கு வந்தது. பல நிறப் பெண்கள் இருக்கும் அட்டை வந்தது 1990-களில்.

அதே கேமராவுக்குக் கறுப்புத் தோல் நன்றாகத் தெரிந்த ஓர் இடமும் உண்டு. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் எங்கு போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தின் படங்களுக்குப் போலராய்டின் தொழில்நுட்பம் பயன்பட்டது. அந்நிறுவனத்தின் ஐடி-2 என்ற அடையாளப்படக் கேமராவில் பிளாஷ் ஒளியைக் கூட்ட ஒரு பொத்தானே இருந்தது. இதை 1970-ல் கண்டுபிடித்து எதிர்த்தவர்கள் போலராய்டிலேயே வேலைபார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரு கறுப்பினத் தோழர்கள். வேலை போனது. விடவில்லை. 1977-ல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. குடும்பப் படத்தில் தெரியாத முகம் காவல் கோப்பில் தெளிவாகத் தெரிந்தது. யாருக்காகப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கேமராவின் பார்வை.

நம் ஊரிலும் அப்படித்தான் தொடங்கியது. 1868 முதல் 1875 வரை வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற எட்டுத் தொகுதிகளிலும், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளிலும் நம் பாட்டன் பூட்டிகள் படமாக இருக்கிறார்கள். பெயர் பெரும்பாலும் இல்லை, சாதி மட்டும் உண்டு. மூக்கை அளந்தவர்கள் முகத்தை எடுத்தார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கட்டுரையைத் தவறாகப் பிடித்துக்கொள்வீர்கள். கறுப்பு தலித்தின் நிறம், சிவப்பு ஆதிக்க சாதியின் நிறம் என்று நான் சொல்லவில்லை. அது தர்ஸ்டன்களின் வாதம். சாதி என்பது இனமல்ல என்று அண்ணல் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டுவிட்டார். சென்னையின் பிராமணரும் சென்னையின் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர், பஞ்சாபிலும் அதேதான் என்பது அவர் வைத்த வாதம். நம் தெருவிலும் எல்லா நிறமும் இருக்கிறது, அவர்கள் தெருவிலும் எல்லா நிறமும் இருக்கிறது. ஆனால் "பார்த்தா அந்தச் சாதி மாதிரித் தெரியலையே" என்று நிறத்தை வைத்துச் சாதியை மோப்பம் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. நிறத்தில் சாதி இல்லை, நிறத்தைப் பார்க்கும் கண்ணில் சாதி இருக்கிறது. அந்தக் கண்ணைத்தான் கேமராவுக்குள் வைத்திருக்கிறோம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரையே வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று இரண்டாகப் பிரித்து நடுவில் பெரிய வாய்க்காலை விட்டார்கள். 1954-ல் ஆட்சி கைமாறியது. வெள்ளை நகரம் என்ற பெயர் மட்டும் இன்றும் சுற்றுலா விளம்பரத்தில் பெருமையாக இருக்கிறது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, அதன்முன் சிவந்த மேனியோடு ஒரு மாடல். உலகம் பார்க்கிற புதுச்சேரி இதுதான். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர், அந்த வாய்க்காலைத் தூர்வாரியவர், அந்த உணவகத்தின் மீனை விடியற்காலையில் தலையில் சுமந்தவர் எந்தப் படத்தில் இருக்கிறார்?

இருக்கிறார், இரண்டே வகைப் படங்களில். முதலாவது கல்யாண ஆல்பம். அதில் மணப்பெண்ணை அவள் தங்கைக்கே அடையாளம் தெரியாது. "கொஞ்சம் பிரைட் பண்ணிட்டேன்மா" என்பார் ஸ்டூடியோ அண்ணன். அவர்மேல் கோபமில்லை, கேட்கிறார்கள், செய்கிறார். 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்டு லவ்லி 2020-ல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட நாடு இது. இரண்டாவது தொண்டு நிறுவன அறிக்கை. அதில் அதே பெண்ணின் முகத்தில் நிழலைக் கூட்டி, நிறத்தை உறிஞ்சி, சுருக்கங்களைக் கூர்மையாக்கி வைப்பார்கள். நன்கொடையாளருக்குத் துயரம் தெரிய வேண்டுமே. நானும் அப்படிப்பட்ட அறிக்கைகளுக்குப் படம் தேர்ந்தெடுத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு வெளுப்பு, பரிதாபத்துக்குக் கறுப்பு. இரண்டிலும் அவள் முகம் அவளுடையதாக இல்லை.

"நாட்டில் எவ்வளவு பிரச்சினை, நீங்கள் கேமரா செட்டிங் பேசுகிறீர்கள்" என்று சில தோழர்கள் சொல்வார்கள். அவர்களுக்காக நான் மறக்க நினைக்கும் ஒரு இரவைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஊர்ப் பெயர் வேண்டாம், வரப்பு வழியாக நடந்ததற்காக அடிபட்ட ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். இரவு எட்டு மணி. வீட்டில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. தோளிலும் முழங்கைக்கு மேலேயும் தடியால் அடித்த தடிப்புகள், என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. போனில் பத்துப் படம் எடுத்தேன். மறுநாள் காலை அவற்றைக் காட்டியபோது அந்த அதிகாரி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா இருக்கு? ஒண்ணும் தெரியலையே" என்றார். வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் ஒளியைப் போன் பாதி திருத்தி, பாதி விட்டு, தோல் முழுவதையும் ஒரே பழுப்பாக்கியிருந்தது. போதாததற்கு, போன் வாங்கியதிலிருந்தே அழகூட்டும் வசதி அணையாமல் இருந்திருக்கிறது. தடிப்புகளை முகப்பரு என்று நினைத்து வழித்துவிட்டிருந்தது. அடிபட்ட அம்மாவை என் போன் அழகாக்கியிருந்தது.

அன்று மதியமே திரும்பப் போய், வாசலில் நிழலான இடத்தில் உட்காரவைத்து எடுத்தோம். காயம் கன்றிப்போய் ஊதாவாகத் தெரிந்தது. அதற்குள் 'வாய்த்தகராறு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். நல்ல படம் இருந்திருந்தால் நீதி கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. நம் ஊரில் தெளிவான படத்தையும் பார்க்காமல் இருக்கத் தெரியும். ஆனால் "ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லும் வசதியை அவருக்குக் கொடுத்தது நான். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வரிவரியாகப் படித்தவள், கையிலிருந்த கருவியைப் படிக்கவில்லை.

கறுப்புத் தோலில் கன்றிய காயம் வெளுத்த தோலில்போலச் சிவந்து கத்தாது. மெல்லிய ஊதா, மெல்லிய செம்மை, சில நாள் கழித்துப் பச்சை கலந்த மஞ்சள். அந்த மெல்லிய வேறுபாடுதான் சாட்சியம். நிறத்தைத் தவறாக வைத்தால் முதலில் சாவது அதுதான்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியவை. எல்லாம் நான் அடிபட்டுக் கற்றவை.

முதலில், ஆட்டோவிலிருந்து வெளியே வாருங்கள். வெயிலில் ஊர்வலம் என்றால் சூரியன் குறியை வையுங்கள், அல்லது கெல்வின் 5200 முதல் 5500 வரை. மேகம் என்றால் மேகக் குறி. நிழல் என்றால் வீட்டு நிழல் குறி. போனிலும் 'புரோ' என்ற பகுதி இருந்தால் அதில் இது கிடைக்கும். நிலையாக வைத்துவிட்டால் கொடி சட்டகத்துக்குள் வந்தாலும் போனாலும் முகம் மாறாது. எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டு, வெள்ளை வேட்டியை நம்பாதீர்கள். வெள்ளைப் பொருளைக் காட்டிக் கேமராவுக்கு நிறம் சொல்லித்தரும் 'கஸ்டம்' முறை உண்டு, நல்ல முறை. ஆனால் நம் வீட்டு வேட்டியின் வெள்ளை, சொட்டு நீலம் போட்டு வந்த வெள்ளை. அதைக் காட்டினால் படம் முழுக்க மஞ்சளேறும். கடைத் தாளிலும் வெண்மைக்காக ரசாயனம் சேர்த்திருப்பார்கள். சாம்பல் அட்டை சில நூறு ரூபாய்தான், அமைப்புக்கு ஒன்று வாங்கி வையுங்கள். இல்லையா, சுத்தமான வெள்ளைத் தெர்மாகோல் துண்டு ஓரளவு நம்பகமானது. தேங்காய்த்திட்டில் மீன் பெட்டி மூடிக்கா பஞ்சம்? புதுப் பெட்டியாகப் பார்த்துக் கழுவி எடுங்கள். உச்சமான வெள்ளைக்குள்ளும் யாரோ ஊற்றிய நீலம் இருக்கிறது என்பதை நீங்கள் சிரித்துக்கொண்டே யோசிக்கலாம்.

மூன்று, ஒளி அளவையும் நிறத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெள்ளைச் சுவர்முன் நிற்பவரை எடுத்தால் கேமரா சுவரைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். கறுத்த முகமே சட்டகத்தை நிறைத்தால் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் வெளுத்துவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியை நீங்களே கூட்டிக் குறையுங்கள். பக்கத்தில் நிற்கும் தோழரின் கையையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

நான்கு, கேமரா அனுமதித்தால் ரா கோப்பாக எடுங்கள். அதில் நிறத்தைப் பிறகும் தரம் கெடாமல் மாற்றலாம். ஜேபெக்கில் கேமரா எடுத்த முடிவு அப்படியே உறைந்துவிடும்.

ஐந்து, எல்லா ஒளியையும் திருத்தாதீர்கள். மெழுகுவத்தி ஏந்திய அஞ்சலிக் கூட்டத்தைப் பகல்போல ஆக்கினால் அது பொய். பழைய சோடியம் விளக்கின்கீழ் எடுத்ததைத் திருத்தவே முடியாது, அந்த ஒளியில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே ஏறக்குறைய இல்லை. இடத்தை மாற்றுங்கள்.

ஆறு, காயங்களை எடுக்கும்போது: ஒப்புதல் வாங்குங்கள். அழகூட்டும் வசதியை அணையுங்கள். பகல் நிழலில் எடுங்கள். ஒரு படத்தில் அளவுகோலும் சாம்பல் அட்டையும் காயத்தின் பக்கத்தில் இருக்கட்டும். தூரத்திலிருந்து ஒன்று, அருகில் ஒன்று. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் திரும்ப எடுங்கள், கன்றிய காயம் மெல்லத்தான் வெளியே வரும். அசல் கோப்பைத் தொடாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அசல் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசுங்கள். படம் மருத்துவச் சான்றுக்கு மாற்றல்ல, துணை.

இன்று பெரிய நிறுவனங்கள் கறுப்புத் தோலைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கின்றன. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. அதற்குப் பிறகுதான் பத்து நிறங்கள் கொண்ட தோல் அளவுகோல், எல்லாத் தோலையும் சரியாகக் காட்டும் போன் என்ற விளம்பரம் எல்லாம் வந்தன. வரட்டும். ஆனால் கேட்டவர்கள் இருந்ததால்தான் வந்தது. சாக்லேட்காரர் கேட்டதற்கும் கரோலின் ஹன்டர் கேட்டதற்கும் வேறுபாடு உண்டு. நாம் இரண்டாவது வரிசை.

கேட்பதோடு நிற்காமல் கேமராவையே கையில் எடுத்தவர்கள் நம்மிடம் உண்டு. மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார் மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்கிறார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படமும் கற்றுத்தருகிறார். அவர் படங்களைப் பாருங்கள். அதில் இருப்பவர்கள் வெளுக்கவும் இல்லை, பரிதாபத்துக்காக இருளவும் இல்லை. அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள்.

தம்பியின் படங்களுக்கு வருகிறேன். கடன் கொடுத்தவர் அந்தக் கேமராவில் ரா கோப்பையும் சேர்த்துப் பதியும்படி வைத்திருந்திருக்கிறார், தம்பிக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் திறந்து, நிறத்தை 5300-க்கு நகர்த்தினோம். கொடி ஒவ்வொன்றாக நீலத்துக்குத் திரும்பியது. பறையடித்த அண்ணனின் கை அதன் சொந்தக் கறுப்புக்குத் திரும்பியது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, இது உள்ளேயே இருந்திருக்கு" என்றார்.

ஆமாம் தம்பி. உள்ளேயேதான் இருந்தது. அடுத்த ஏப்ரலுக்கு ஆட்டோவை அணைத்துவிட்டு வா.

ஜெய் பீம்.